சிக்னல் முள் நிறைந்தும் தெளியாத இசை: ஒரு வீட்டு எஃப்.எம். ஆன்டெனா பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

தரைத்தளம், முதல் தளம், அதற்கு மேல் மொட்டை மாடி கொண்ட கான்கிரீட் வீடு. ஓய்வுபெற்ற ஒரு தம்பதி அங்கே வசிக்கிறார்கள். மனைவி பல ஆண்டுகள் இசை கற்பித்தவர். 45 கிலோமீட்டர் தள்ளி, தென்மேற்கில் உள்ள கோபுரத்திலிருந்து வரும் ஓர் இசை நிலையத்தை இரவுதோறும் கேட்பது அவர் வழக்கம். வேலைக்கு நடுவே காதில் விழட்டும் என்று வைப்பவர் அவர் அல்ல. இரண்டு ஸ்பீக்கருக்கும் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நிகழ்ச்சி முடியும்வரை எழுந்திருக்காமல் கேட்பவர். ஒலியில் சின்னப் பிசிறு வந்தாலும் அவர் காதுக்குத் தெரிந்துவிடும்.

ரிசீவர் பழையது, நல்லது. முன்பக்கம் முள் வைத்த சிக்னல் மீட்டரும் ஸ்டீரியோ விளக்கும் உண்டு. ஆன்டெனா என்று இருந்தது, ரிசீவரோடு பெட்டியில் வந்த டி வடிவ ஒயர்தான். அலமாரிக்குப் பின்னால் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். பல ஆண்டுகள் அதிலேயே நன்றாக எடுத்தது.

கடைசி இரண்டு ஆண்டுகளில் ஒலி கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டது. முதலில் மெல்லிய இரைச்சல் வந்தது. பிறகு பாடகர் ‘ச’, ‘ஸ’ சொல்லும் இடமெல்லாம் ஒலி பிளந்தது. யாராவது கூடத்தைக் கடந்து நடந்தால் ஒலி மாறியது. கணவர் சிக்னலைப் பெருக்கும் ஒரு பூஸ்டர் வாங்கி ஒயருக்கும் ரிசீவருக்கும் நடுவே பொருத்தினார். மீட்டர் முள் கடைசி வரை ஏறியது, ஒலியோ முன்பைவிட மோசமானது. ரிசீவர் பழுதாகிவிட்டது என்ற முடிவுக்கு அவர்கள் வந்து, அதை மாற்றப்போகும் நேரத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்த இரண்டு ஆண்டுகளில் என்னென்ன மாறியது என்று கேட்டேன். ஒவ்வொன்றாகத்தான் நினைவுக்கு வந்தது. வீட்டு விளக்குகள் அனைத்தும் எல்.இ.டி. ஆகியிருந்தன. வெயிலுக்காகக் கூடத்து ஜன்னல் கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள படலம் ஒட்டியிருந்தார்கள். இணைய ரவுட்டரும் அதன் அடாப்டரும் ரிசீவர் இருக்கும் அதே அலமாரிக்கு வந்திருந்தன. வீட்டிலிருந்து சுமார் 700 மீட்டரில், தெற்கும் கிழக்கும் சேரும் பக்கமாக, பல மாடிக் கட்டடம் ஒன்று எழும்பியிருந்தது. ஆன்டெனாவைத் தொடுவதற்கு முன் இந்தப் பட்டியல் கையில் கிடைத்தது பெரிய உதவி. மாற்றங்கள் நான்கு, ஒலியில் தெரிந்த குறையும் ஒரே மாதிரியானதல்ல. ஒரே காரணத்தைத் தேடிப் போனால் பாதியில் நிற்க வேண்டியிருக்கும்.

முதல் நாள் கண்டவை

எஃப்.எம். சரியாக எடுக்கவில்லை என்று சொல்லப்படும் வீடுகளில் பொதுவாக நான்கு விதக் கோளாறுகள் இருக்கும். சிக்னல் வலுவில்லாமல் இருக்கலாம். வீட்டுக்குள்ளேயே உற்பத்தியாகும் மின் இரைச்சல் நல்ல சிக்னலை மூழ்கடிக்கலாம். ஒரே சிக்னல் நேராகவும், எங்கோ மோதித் திரும்பியும் இரண்டு வழியில் வந்து ஒன்றோடொன்று மோதலாம். பக்கத்து நிலையம் அளவுக்கு மீறிய வலுவோடு ரிசீவரின் முன்பகுதியைத் திணறடிக்கலாம். கேட்பவருக்கு நான்குமே “கரகரக்கிறது”தான். மருந்து நான்குக்கும் வேறு வேறு, ஒன்றின் மருந்து இன்னொன்றை மோசமாக்கும். இந்த வீட்டில் பூஸ்டர் செய்தது அதைத்தான்.

முதலில் பூஸ்டரைக் கழற்றலாம் என்றேன். “தம்பி, அதையும் எடுத்துவிட்டால் இருப்பதும் போய்விடாதா?” என்று அம்மா கவலைப்பட்டார். நியாயமான கேள்வி. கழற்றுவதற்கு முன் அலைவரிசையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெல்ல ஓட்டி, எங்கெங்கே என்ன கேட்கிறது என்று எழுதிவைத்தோம். வடக்கே 6 கிலோமீட்டரில் ஒரே கோபுரத்திலிருந்து இரண்டு நிலையங்கள் பெரிய ஆற்றலோடு ஒலிபரப்புகின்றன. அந்த இரண்டும் அவற்றுக்குரிய இடத்தில் மட்டும் கேட்கவில்லை. இருக்கக்கூடாத இடங்களிலும் ஒன்றின் பேச்சும் மற்றதன் பாட்டும் கலந்து கேட்டன. திணறலுக்கு இது உறுதியான அடையாளம். எண்களை எளிதாக்கிச் சொன்னால், 95 மெகாஹெர்ட்ஸிலும் 97 மெகாஹெர்ட்ஸிலும் இரண்டு மிக வலுவான நிலையங்கள் பூஸ்டருக்குள் நுழைந்தால், அதன் தாங்கும் எல்லையைத் தாண்டியதும் 93-இலும் 99-இலும் போலிகள் பிறக்கும். ஒன்றை இரட்டித்து மற்றதைக் கழித்தால் வரும் எண்கள் இவை. இசை நிலையம் இருந்தது ஏறத்தாழ அந்த 99-க்குப் பக்கத்தில். மீட்டர் முள் காட்டிய வலுவில் ஒரு பகுதி இசை நிலையத்துடையதே அல்ல.

பூஸ்டரைக் கழற்றியதும் போலிகள் மறைந்தன. முள் பாதிக்குக் கீழே இறங்கியது. இரைச்சல் கூடியதுபோல் தோன்றினாலும், அடியில் இசை முன்பைவிடச் சுத்தமாகக் கேட்டது. மீதி இருந்தவை இரண்டு: சீரான ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல், உச்சரிப்பில் வரும் பிளவு.

அடுத்த சோதனை பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோவைக் கொண்டு. இசை நிலையத்தை அதில் வைத்து, கேட்டுக்கொண்டே வீட்டின் மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னேன். இரைச்சல் சட்டென்று குறைந்தது. மறுபடி மெயினைப் போட்டு, ஒவ்வொரு சாதனமாகச் செருகியபோது இரண்டு குற்றவாளிகள் அகப்பட்டன. ஒன்று ரவுட்டரின் அடாப்டர், மற்றது கூடத்து எல்.இ.டி. விளக்குகளில் ஒன்று. இந்தச் சாதனங்களுக்குள் இருக்கும் மின்வழங்கி நொடிக்குப் பல்லாயிரம் முறை அணைந்து எரியும் சுவிட்சால் வேலை செய்கிறது. வடிகட்டும் பகுதியில் மிச்சம் பிடித்துத் தயாரித்திருந்தால் அந்தத் துடிப்பின் மடங்குகள் எஃப்.எம். அலைவரிசை வரை பரவும். ஒயர் ஆன்டெனா அந்த அடாப்டரிலிருந்து ஒரு முழம்கூட விலகியிருக்கவில்லை.

மூன்றாவதாக, இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலியைத் தரும் மோனோ சுவிட்ச். ஸ்டீரியோவிலிருந்து மோனோவுக்கு மாற்றியதும் இரைச்சல் பெருமளவு அடங்கியது, உச்சரிப்புப் பிளவும் கொஞ்சம் குறைந்தது. ஸ்டீரியோ ஒலிபரப்பில் இடது, வலது இரண்டின் கூட்டல் ஒரு பக்கமும், அவற்றின் வித்தியாசம் 38 கிலோஹெர்ட்ஸை நடுவாக வைத்து இன்னொரு பக்கமும் போகின்றன. ரிசீவருக்கு அடையாளமாக 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிகாட்டி ஒலியும் கூடவே போகிறது. எஃப்.எம். முறையில் அதிர்வெண் ஏற ஏற இரைச்சலும் ஏறும். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த வித்தியாசப் பகுதிதான் முதலில் அடிபடும். ஒரே சிக்னலுக்கு மோனோவைவிட ஸ்டீரியோ சுமார் 20 டெசிபல் (வலுவை ஒப்பிடும் அலகு) கூடுதல் இரைச்சலோடு கேட்கும். வலு குறைந்த நிலையத்தை மோனோவில் கேட்டுக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை, பல வீடுகளுக்கு அதுவே போதுமான தீர்வு. ஆனால் இந்த அம்மாவுக்குக் கருவிகள் இடமும் வலமுமாகப் பிரிந்து கேட்க வேண்டும். அவர் கேட்டது நியாயம் என்றே எனக்கும் பட்டது.

முதல் முடிவு: வீட்டுக்குள் சரிசெய்தவை

ஆன்டெனா வாங்கும் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு இரைச்சலைக் குறைத்தோம். அடாப்டரும் ரவுட்டரும் வேறு அறைக்குப் போயின. அடாப்டர் ஒயரில், மின் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் மாட்டினோம், கெட்ட விளக்கை மாற்றினோம். சீரான இரைச்சல் பாதிக்கு மேல் போனது. உச்சரிப்புப் பிளவு அப்படியே இருந்தது. யாராவது குறுக்கே நடந்தால் ஒலி மாறுவதும் நிற்கவில்லை.

இது வலுக்குறைவின் அடையாளம் அல்ல. வலுக்குறைவு என்றால் இரைச்சல் எப்போதும் ஒரே சீராக இருக்கும். பாட்டின் உச்சத்திலும் ‘ஸ’ ஒலியிலும் மட்டும் பிளந்து, மெல்லிய இடத்தில் சுத்தமாக இருந்தால் சிக்னல் இரண்டு வழியில் வருகிறது என்று சந்தேகப்பட வேண்டும். கான்கிரீட்டுக்குள் ஓடும் கம்பி வலையும் ஜன்னலின் உலோகப் படலமும் நேர் சிக்னலைத் தணித்துவிட்டன. உள்ளே வந்தது பெரும்பாலும் சுவர்களில் மோதிய எதிரொளிகள். 100 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 மீட்டர். அறைக்குள் ஒன்றரை மீட்டருக்கு ஒருமுறை வலு கூடியும் குறைந்தும் வரும், மனித உடல் குறுக்கே போனால் அந்த ஒழுங்கு கலையும். சின்ன ரேடியோவோடு கூடத்தை மெல்லக் கடந்தபோது இது காதிலேயே கேட்டது: இரண்டு எட்டு வைத்தால் தெளிவு, இன்னும் ஓர் எட்டில் குழப்பம்.

அலமாரியை அறைக்குள் வேறு இடத்துக்கு மாற்றிப் பார்க்கலாமா என்று கணவர் கேட்டார். செய்யலாம், கொஞ்சம் பலனும் இருக்கும். ஆனால் கதவு திறந்தால், நாற்காலி நகர்ந்தால் மறுபடி கெடும். ஆன்டெனாவை வெளியே கொண்டுபோவது என்று முடிவானது.

மொட்டை மாடிச் சோதனை

இந்தக் கட்டத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஆன்டெனா வாங்கும் பெரும்பாலோர் தாண்டிப் போவது இதைத்தான்.

கடையில் எதுவும் வாங்குவதற்கு முன் ஓர் எளிய டைபோல், அதாவது நேர்கோட்டில் இரண்டு கம்பி வைத்த ஆன்டெனா, செய்தோம். கணக்கு சுலபம்: 143-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் டைபோலின் முழு நீளம் மீட்டரில் கிடைக்கும். 99-க்கு 1.44 மீட்டர். இரண்டு கைகள், ஒவ்வொன்றும் 72 சென்டிமீட்டர். காய்ந்த மரச் சட்டத்தில் இரண்டு செம்புக் கம்பியைக் கட்டி, நடுவில் 75 ஓம் கோ-ஆக்சியல் கேபிளைச் சேர்த்தோம். டைபோலின் மின்மறுப்பு, அதாவது மாறும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, சுமார் 73 ஓம் என்பதால் நேராகவே பொருந்தும். கேபிளைச் சேருமிடத்துக்குக் கீழே சில சுற்று சுற்றிக் கட்டியது, கேபிளின் வெளியுறையே ஆன்டெனாவாக நடிப்பதைக் குறைப்பதற்காக.

அதைக் கம்பத்தில் ஏற்றி மாடிக்குக் கொண்டுபோனபோது தரையிலிருந்து சுமார் 9 மீட்டர் உயரம் கிடைத்தது. ரேடியோ அலைக்குத் தொடுவானம் எவ்வளவு தூரம் என்பதற்கும் எளிய கணக்கு உண்டு: உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். கோபுரத்து ஆன்டெனா 150 மீட்டர் உயரம் என்று வைத்தால் அதன் பங்கு 50 கிலோமீட்டர், 9 மீட்டரில் நம் பங்கு 12. மொத்தம் 62-க்கு மேல் வருவதால் 45 கிலோமீட்டர் கோபுரம் தொடுவானத்துக்கு உள்ளேயே இருக்கிறது. நடுவில் மலை எதுவும் இல்லை. இந்தக் கணக்கு சாதகமாக வராவிட்டால் எத்தனை பெரிய ஆன்டெனா வாங்கினாலும் நாள்தோறும் நம்பிக் கேட்க முடியாது, அதனால் இதை முன்கூட்டியே போட்டுப் பார்ப்பது நல்லது.

கணவர் மாடியில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார், அம்மா கீழே ரிசீவருக்கு எதிரே உட்கார்ந்தார், இருவருக்கும் நடுவே தொலைபேசி. நான் மீட்டரைப் பார்த்தேன், அவர் கேட்டார். முள்ளையும் காதையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டோம். முள் மிக உயர்ந்த இடமும் காதுக்கு மிகச் சுத்தமான இடமும் ஒன்றாக இல்லை.

டைபோலுக்கு இரண்டு பக்கவாட்டிலும் நன்றாகக் கேட்கும். அதன் முனைகள் நோக்கும் இரண்டு திசையிலும் ஏறத்தாழச் செவிடு. நன்றாகக் கேட்கும் திசை அகலமானது, திருப்பத் திருப்பப் பெரிய மாற்றம் தெரியாது. கேட்காத திசை குறுகலானது, சில பாகை திருப்பினாலே வித்தியாசம் புலப்படும். எனவே எதிரொளி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அந்தச் செவிட்டு முனையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

முதலில் முனை கோபுரத்தை நோக்கும்படி திருப்பச் சொன்னேன். நேர் சிக்னல் அடங்கியது, முள் விழுந்தது. ஆனால் நிலையம் மறையவில்லை. “சத்தம் குறைச்சல்தான், ஆனால் பிளவே இல்லையே?” என்றார் அம்மா. அது எதிரொளி மட்டும் தனியே வந்து சேர்ந்த நேரம். தனியாக வந்தால் அதுவும் நல்ல சிக்னல்தான். இரண்டும் சேரும்போதுதான் சண்டை. பிறகு மெல்லத் திருப்பிக்கொண்டே போனபோது ஓரிடத்தில் வலுவும் தெளிவும் ஒருசேர வந்தன. கம்பத்தின் மேல் ஒரு திசைகாட்டியை வைத்துப் பார்த்தோம். அந்த நிலையில் டைபோலின் முனை நேராக அந்தப் புதிய பல மாடிக் கட்டடத்தை நோக்கியிருந்தது. கோபுரத் திசையிலிருந்து அந்தக் கட்டடம் ஏறத்தாழ 115 பாகை விலகியிருக்கிறது.

கணக்கும் ஒத்துப்போனது. 700 மீட்டர் தள்ளி அந்தக் கோணத்தில் உள்ள சுவரில் மோதி வரும் அலை, நேர் அலையைவிடச் சுமார் 1 கிலோமீட்டர் கூடுதலாகப் பயணிக்கிறது. ரேடியோ அலை 300 மீட்டரைக் கடக்க ஒரு மைக்ரோநொடி. ஆக, தாமதம் 3 மைக்ரோநொடிக்குச் சற்று மேல். பேச்சில் எதிரொலியாகக் கேட்க இது போதாது. ஆனால் எஃப்.எம். நிலையத்தின் அதிர்வெண் இருபுறமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரை ஊசலாடுவது. அந்த ஊசலாட்டத்தின் ஒரு பகுதியில் இரண்டு அலைகளும் சேர்ந்து வலுக்கவும், இன்னொரு பகுதியில் ஒன்றையொன்று அழிக்கவும் இந்தத் தாமதம் போதும். ஊசல் பெரிதாகும் உரத்த இடங்களில் மட்டும் பிளவு கேட்டது இதனால்தான்.

ஆன்டெனாவைத் தேர்ந்த விதம்

உண்மையைச் சொன்னால், அந்த மரச் சட்ட டைபோலே போதும் என்ற நிலை கிட்டத்தட்ட வந்துவிட்டது. வேறு வீடாக இருந்தால் அதையே அலுமினியக் குழாயில் ஒழுங்காகச் செய்து மாட்டிவிட்டு முடித்திருக்கலாம். இங்கே தடுத்தது வடக்குக் கோபுரம். டைபோல் முன்னும் பின்னும் ஒரே அளவில் கேட்கும். இசை நிலையத்துக்கு எதிர்ப்புறத்தில் இருக்கும் அந்த இரண்டு நிலையங்களும் மாடியின் உயரத்தில் மிகவும் வலுத்தன. பூஸ்டர் இல்லாமலே மறுபடி லேசாகப் போலிகள் தலைகாட்டின.

பின்பக்கம் கேட்காத ஆன்டெனா தேவைப்பட்டது, அதாவது யாகி. 1926-இல் ஜப்பானில் ஊடா, யாகி என்ற இருவரின் ஆய்வில் வெளிவந்த அதே வடிவம்தான் இன்றும். சிக்னலை எடுக்கும் குழாய்க்குப் பின்னால் சற்று நீளமான ரிஃப்ளெக்டர், முன்னால் சற்றுக் குட்டையான டைரக்டர்.

கணவர் எட்டுக் குழாய் வைத்த பெரியதை வாங்க விரும்பினார். மூன்று குழாய் போதும் என்று நான் சொன்னதற்குக் காரணங்கள் இருந்தன. மூன்று குழாய் யாகி, டைபோலைவிட 4 அல்லது 5 டெசிபல் கூடுதலாகத் தரும், குழாய்களை இரட்டித்தால் மேற்கொண்டு கிடைப்பது இரண்டோ மூன்றோ டெசிபல்தான். இந்த வீட்டில் வலு ஒரு பிரச்சினையே இல்லை, திசைதான் பிரச்சினை. பெரிய ஆன்டெனா காற்றில் அதிகம் அலையும், கம்பமும் தடிக்க வேண்டும். மழையிலும் காற்றிலும் பல ஆண்டு நிற்க வேண்டிய பொருளில் எளிமையைத்தான் நான் தேர்வேன்.

குழாய்கள் கிடையாகவா, செங்குத்தாகவா என்பது அடுத்த கேள்வி. வாங்கி வந்ததும் முதலில் செங்குத்தாகவே மாட்டிப் பார்த்தோம். இசை நிலையம் இரண்டு விதத்திலும் ஏறக்குறைய ஒரே வலுவில் வந்தது. பல எஃப்.எம். நிலையங்கள் காரிலும் கையடக்க ரேடியோவிலும் கேட்க வசதியாக கிடையாகவும் செங்குத்தாகவும் அலையை அனுப்புகின்றன. வலுவை வைத்துப் பார்த்தால் எதுவும் சரி. ஆனால் கிடையாக வைத்த யாகிக்கு மட்டுமே பக்கவாட்டில், 90 பாகையில், டைபோலின் முனை போன்ற அந்த ஆழமான செவிட்டுத் திசை கிடைக்கும். அதனால் கிடையாகத் திருப்பினோம்.

நேராக நோக்காத ஆன்டெனா

யாகியைக் கோபுரத்துக்கு நேராகத் திருப்பியபோது ஒலி நன்றாக இருந்தது, ஆனால் முழுச் சுத்தம் இல்லை. கட்டடம் 115 பாகையில், செவிட்டுத் திசையோ 90 பாகையில். நடுவில் 25 பாகை மிச்சம். அந்த 25 பாகையை ஈடுகட்ட ஆன்டெனாவைக் கட்டடத்தின் பக்கமாகவே திருப்ப வேண்டும். கேட்பதற்கு முரணாக இருக்கும், கணவரும் “தொல்லை தருவதை நோக்கியா திருப்பச் சொல்கிறீர்கள்?” என்று கேட்டார். திருப்பியதும் கட்டடம் சரியாக 90 பாகைக்கு வந்தது. முன்பக்கக் கேட்கும் திறன் அகலமானது என்பதால் கோபுரம் 25 பாகை விலகியதில் இழந்தது ஒன்றோ இரண்டோ டெசிபல்தான். எதிரொளி இழந்தது அதைப்போலப் பல மடங்கு. வடக்குக் கோபுரம் எப்படியும் முதுகுப் பக்கம்தான். மீட்டர் முள் ஒரு சிறு கோடு இறங்கிய அதே நொடியில் கீழே இருந்து, “அப்படியே விடுங்கள், தொடாதீர்கள்!” என்று அம்மாவின் குரல் தொலைபேசியில் வந்தது.

பொருத்திய வேலையில் சொல்ல வேண்டியவை சில. கம்பம் விழுந்தால்கூட மின்கம்பியைத் தொடாத தூரத்தில் நிறுத்தினோம். இதில் எந்த விட்டுக்கொடுப்பும் கூடாது. அலுமினியக் கம்பம் மின்கம்பியில் பட்டால் பிடித்திருப்பவர் உயிர் போகும். கம்பத்தையும் கேபிளின் வெளியுறையையும் வீட்டின் முதன்மை எர்த்துடன் ஒரு மின்பணியாளர் இணைத்தார். அந்த வேலையை நாங்கள் தொடவில்லை. இடி மழையின்போது ரிசீவரிலிருந்து கேபிளைக் கழற்றிவிடும் வழக்கத்தையும் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், நேரடி இடிக்கு எர்த் முழுப் பாதுகாப்பு அல்ல என்பதால். கேபிள் ஆர்ஜி-6 வகை, 20 மீட்டர். அந்த வகையில் 100 மெகாஹெர்ட்ஸுக்கு 100 மீட்டருக்கு 6 முதல் 7 டெசிபல் இழப்பு என்றால், இங்கே இழந்தது ஒன்றரை டெசிபலுக்கும் குறைவு. மாடியில் பூஸ்டர் வைக்க எந்தக் காரணமும் இல்லை. கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்துக்கு வெளியே கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டோம், மழைநீர் அங்கேயே சொட்டிவிட.

விளைவு

இசை நிலையம் ஸ்டீரியோவில், விளக்கு அணையாமல், உச்சரிப்புப் பிளவில்லாமல் வந்தது. கூடத்தில் யார் நடந்தாலும் மாற்றமில்லை. வடக்குக் கோபுரத்தின் இரண்டு நிலையங்களும் ஆன்டெனாவின் முதுகுப் பக்கத்திலிருந்தே போதிய வலுவோடு கேட்டன, அவற்றின் போலிகள் இல்லை. ரிசீவரை மாற்றும் எண்ணம் கைவிடப்பட்டது.

தீராதது ஒன்று உண்டு. கணவர் கேட்க விரும்பிய மூன்றாவது நிலையம், வடக்குக் கோபுர நிலையங்களில் ஒன்றுக்கு 200 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே தள்ளி இருக்கிறது. அதன் கோபுரமும் ஏறத்தாழ அதே வடக்குத் திசையில், இன்னும் வெகு தொலைவில். இரண்டும் ஒரே பக்கம் என்பதால் ஆன்டெனாவைத் திருப்பிப் பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டியது ரிசீவருக்குள் இருக்கும் வடிகட்டி, பழைய ரிசீவரின் வடிகட்டி அவ்வளவு குறுகலானது அல்ல. இதை முதல் நாளே சொல்லியிருந்ததால் ஏமாற்றம் பெரிதாக இல்லை.

முதல் மழைக்குப் பின்

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் இசை நிலையம் மறுபடி கரகரத்தது. காய்ந்த நாட்களில் சரி, மழைக்கு மறுநாள் மோசம். அந்த ஒழுங்கே காரணத்தைச் சொல்லிவிட்டது. யாகியின் நடுக் குழாய் மடித்த டைபோல் வகை, 300 ஓம். அதை 75 ஓம் கேபிளுக்கு ஏற்ப மாற்றும் பேலன் ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியில் நீர் வடிய ஒரு சின்னத் துளை உண்டு. குழாய்களைச் செங்குத்திலிருந்து கிடையாகத் திருப்பியபோது பெட்டியும் கூடவே திரும்பி, கீழே இருக்க வேண்டிய துளை பக்கவாட்டுக்குப் போயிருந்தது. உள்ளே அரை விரல் அளவு நீர், கேபிள் நுனியில் உள்ள எஃப் கனெக்டரின் நடுக் கம்பியில் பச்சைப் பூப்பு.

பெட்டியைக் காயவைத்து, இப்போதைய நிலைக்கு அடிப்பக்கமாக வரும் இடத்தில் புதுத் துளை போட்டு, பழையதை அடைத்தோம். கேபிள் நுனியை ஈரம் ஏறிய அளவுக்கு வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கனெக்டர் போட்டு, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றினோம். கீழிருந்து சுற்றினால் ஒவ்வொரு சுற்றும் ஓடு வேய்ந்ததுபோல் முந்தியதன் மேல் படிந்து நீரை வெளியே தள்ளும். அதற்குப் பிறகு பெய்த மழையில் ஒலி மாறவில்லை.

அடுத்த வீட்டில் மாற்றப்போவது

மெயினை அணைத்துப் பார்க்கும் பேட்டரி ரேடியோ சோதனையை எல்லாவற்றுக்கும் முதலில் வைப்பேன். அதற்கு எந்தச் செலவும் இல்லை, கோளாறு வீட்டுக்குள்ளா வெளியிலா என்பதைச் சில நிமிடத்தில் சொல்லிவிடும். மாடிச் சோதனையைக் காலை, மாலை என வேறு வேறு நேரத்தில் செய்வேன். சில விடியற்காலைகளில் காற்றின் வெப்ப அடுக்குகள் அலையை வளைத்து, தொடுவானத்துக்கு அப்பாலுள்ள நிலையங்களைக் கொண்டுவந்து சேர்க்கும். அந்த நேரத்தில் மட்டும் அளந்தால் தவறான படம் கிடைக்கும். பேலன் பெட்டியின் துளை எங்கே நோக்குகிறது என்பது கம்பத்தை ஏற்றுவதற்கு முந்திய சரிபார்ப்பில் சேர்ந்துவிட்டது.

கம்பத்தின் பிடியில், ஆன்டெனா இப்போது நிற்கும் திசைக்கு நேராக அழியாத மையில் ஒரு கோடு போட்டிருக்கிறோம். பலத்த காற்றுக்குப் பின் கோடு விலகியிருக்கிறதா என்று கணவர் மாடிக்குப் போய்ப் பார்த்துவிடுகிறார். அந்தப் பல மாடிக் கட்டடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றுக்கு அடித்தளம் தோண்டுகிறார்கள். அது எழும்பி முடிந்ததும் அதே மரச் சட்ட டைபோலை மறுபடி மாடிக்கு எடுத்துப்போக வேண்டியிருக்கும். அதை அவர்கள் பிரிக்காமல் பரணில் வைத்திருக்கிறார்கள்.